117 என்று சொன்ன நாள்

பதின்மூன்று பேர் வரிசையாக நின்றோம். கதிரையில் இருந்தவர் எங்கள் பயிற்சி நிலையத்தின் காவலாளி ஐயா. அவருடைய மேற்கையில் பிரஷர் பட்டி சுற்றியிருந்தது. எங்கள் போதனாசிரியர் ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பட்டிக்குக் காற்றடித்து, மெல்லத் திறந்துவிட்டு, ஒவ்வொருவர் காதிலும் ஸ்டெதஸ்கோப்பை மாட்டி, "எத்தனை?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். முதலில் நின்றவள் 120க்கு 80 என்றாள். அடுத்தவளும் 120க்கு 80. அதற்கு அடுத்தவனும் அதையே சொன்னான். காவலாளி ஐயாவுக்கு நடுவில் இரண்டு தடவை கை மாற்றினார்கள். மனிதர் பாவம், ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

ஏழாவது ஆள் நான். காதில் ஸ்டெதஸ்கோப் ஏறியது. முள் இறங்கியது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வெளியே பஸ் போகும் இரைச்சல் கேட்டது, என்னுடைய மூச்சு கேட்டது, வேறொன்றும் இல்லை. ஆறு பேருக்குக் கேட்டது எனக்கு மட்டும் கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர்கள் சொன்னதையே சொன்னால் கள்ளம் பிடிபட்டுவிடும் என்று பெரிய புத்திசாலியைப் போல யோசித்து, "117க்கு 78, மிஸ்" என்றேன்.

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பதின்மூன்று பேரும் முடிந்த பிறகு கருவியை என்னிடம் தந்து, "இந்த வட்டத்தில் 117 எங்கே இருக்கிறது, காட்டு பிள்ளை" என்றார். தேடினேன். 116 இருந்தது, 118 இருந்தது. அந்தக் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் போகின்றன. ஒற்றை எண்ணுக்கு அங்கே இடமே இல்லை.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பின் தலையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பக்கமும் உள்ள தலை அது. திருகினால் ஒரு பக்கம் திறக்கும், மற்றப் பக்கம் மூடிக்கொள்ளும். மூடிய பக்கத்தைத்தான் அவர் காலையிலிருந்து காவலாளி ஐயாவின் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று பேரில் ஒருவருக்கும் எதுவும் கேட்டிருக்க வழியில்லை. பதின்மூன்று பேரும் எண் சொல்லியிருந்தோம்.

2022ஆம் ஆண்டு தை மாதத்தில், கிளிநொச்சியில், தாதி உதவியாளர் பயிற்சியின் இரண்டாவது வாரத்தில் இது நடந்தது. பிறகு ஒரு வருடம் எவ்வளவோ படித்தோம். ஆனால் யாராவது என்னிடம் வந்து, "அக்கா, இந்தப் பயிற்சிக்குப் போகலாமா, என்ன கற்றுத் தருவார்கள்?" என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலைதான். எங்களுக்குக் கேட்டது போன்ற முகபாவம் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பழகிய ஒன்று. விளங்கியதா என்று கேட்டால் ஓம் என்று தலையாட்டுவோம். கையால் செய்யும் தொழிலில் அந்தப் பழக்கம் ஆளைக் கொன்றுவிடும். "கேட்கவில்லை, இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று சொல்லப் பழகவே எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

எங்கள் வீடு தர்மபுரத்தில். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகவில்லை. இரண்டாம் முறையும் எழுதிப் பார்த்தேன், அதே கதை. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. கனடாவில் இருக்கும் மாமா தொலைபேசியில், "ஊர்ச் சனத்தின் மலசலம் அள்ளுவதற்கா பன்னிரண்டு வருடம் படிக்க வைத்தோம்?" என்று அம்மாவிடம் கேட்டார். அங்கே அவருடைய மாமியாரை ஒரு பராமரிப்பு இல்லத்தில்தான் விட்டிருக்கிறார்கள். அங்கே யார் அள்ளுகிறார்கள் என்று அம்மா திருப்பிக் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன்.

பயிற்சியைத் தெரிவு செய்யும்போது நான் செய்த ஒரே நல்ல காரியம், ஒன்றுவிட்ட அக்காவின் அனுபவத்தைக் கேட்டறிந்ததுதான். அவர் தனியார் நிலையமொன்றில் கடன் வாங்கிப் பணம் கட்டி எட்டு மாதம் படித்தார். தங்க நிற எழுத்தில் சான்றிதழ் தந்தார்கள். வேலைக்குப் போன இடத்தில், "இது என்.வி.கியூ. இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்.வி.கியூ. என்றால் தேசிய தொழில் தகைமை. நிலையம் பதிவு செய்யப்பட்டதுதான். ஆனால் அவர் படித்த அந்தப் பாடநெறிக்குத் தர அங்கீகாரம் இருக்கவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் ஒரு நிலையம் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் அந்தப் பாடநெறி, அந்த மட்டத்துக்கு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பணம் கட்ட முன்பு அந்த அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் தேநீர் தந்தாலும் குடிக்காமல் எழும்பி வந்துவிடுங்கள்.

தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் உள்ளன. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். நான் செய்தது நான்காம் மட்டம். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: தாதி உதவியாளர் தாதி அல்லர். அரச தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் படித்து வருகிறவர்களின் வேலை வேறு, எங்கள் வேலை வேறு. வெள்ளைச் சட்டை போட்ட மகிழ்ச்சியில் இந்தக் கோட்டைத் தாண்டி, அயலில் ஊசி போடத் தொடங்கியவர்களையும் கண்டிருக்கிறேன்.

அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பங்குனியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. எரிபொருள் இல்லை, பஸ் இல்லை. தர்மபுரத்திலிருந்து பரந்தன் வந்து கிளிநொச்சிக்குப் போவது முடியாத காரியமாகிவிட, உருத்திரபுரத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு கரடிப்போக்குச் சந்தி வழியாகச் சைக்கிளில் போய் வந்தேன். கையுறைக்குத் தட்டுப்பாடு. பயிற்சிக்கு ஆளுக்கு இரண்டு சோடி என்று கணக்கு. அதனால் கையுறையைக் கழற்றும் முறையை, வெளிப்பக்கம் தோலில் படாமல் உள்வெளியாகப் புரட்டி எடுப்பதை, பெயின்ற் பூசிப் பழக்கினார்கள். கையில் நிறம் ஒட்டினால் தோல்வி. ஒரு சோடியைக் கழுவிக் காயவைத்து நாலு பேர் பழகினோம். தட்டுப்பாடு இல்லாத காலத்தில் படித்திருந்தால் அவ்வளவு கவனமாகப் பழகியிருப்போமா என்பது சந்தேகம்தான்.

பிரஷர் பார்ப்பதற்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அதிலேதான் நான் கூடுதலாக அவமானப்பட்டேன், கூடுதலாகக் கற்றேன். முதலில் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு தலையை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டும் சத்தம் கேட்காவிட்டால் திருகுங்கள். நோயாளி வந்தவுடன் பட்டியைச் சுற்றாதீர்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், கதைக்காமல் இருக்கட்டும். கை இதயத்தின் உயரத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பட்டிக்குள் இருக்கும் காற்றுப்பை மேற்கையின் சுற்றளவில் ஏறத்தாழ 80 வீதத்தைச் சுற்ற வேண்டும். தடித்த கைக்குச் சிறிய பட்டியைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் கூட்டிக் காட்டும். பிறகு மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். நாடி மறைந்த இடத்துக்கு மேலே இன்னும் 30 ஏற்றிவிட்டு, செக்கனுக்கு இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் என்ற அளவில் இறக்குங்கள். மெதுவாக இறக்குவதுதான் கடினம். கை பதறும், கெதியில் முடித்துவிடத் தோன்றும்.

காற்று இறங்கும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் அந்தச் சத்தத்தை 1905இல் முதன்முதல் விவரித்தவர் நிக்கொலாய் கொரொட்கோவ் என்ற ரஷ்ய வைத்தியர். போரில் காயப்பட்டவர்களின் குருதிக்குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் அந்தத் தட்டும் ஓசை காதில் பட்டது என்று மிஸ் சொன்னார். வன்னியில் பிறந்தவர்களுக்கு அந்தத் தகவலைக் கேட்டு ஒன்றும் அதிசயமாக இருக்கவில்லை. காயங்களிலிருந்து கற்றுக்கொண்டவர்கள் எங்கள் ஊரிலும் நிறையப் பேர்.

ஒரு மாதத்தில் இருநூறு பேருக்குப் பார்த்து எழுதிவர வேண்டும் என்று மிஸ் கட்டளையிட்டார். சித்தி, சித்தப்பா, கோவிலடி, பால் சேகரிக்கும் இடம் என்று கொப்பியோடு அலைந்தேன். கேட்காத இடத்தில் "கேட்கவில்லை" என்று எழுதும்படி சொல்லியிருந்தார். என் கொப்பியின் முதல் இருபது வரிகளில் ஒன்பதில் அந்தச் சொல்தான் இருக்கிறது. தர்மபுரத்துக்கு ஒரு சனிக்கிழமை போனபோது அம்மாவுக்குப் பார்த்தேன். 178க்கு 104. மூன்று தடவை பார்த்தேன். அம்மாவுக்குத் தலையிடி கூட இல்லை. "உன் கருவியில் பிழை" என்றார். அடுத்த வாரம் கிளினிக்கில் அதே எண் வந்தது. இன்று வரை மருந்து எடுக்கிறார், கருவியைக் குறை சொல்வதை விட்டுவிட்டார்.

எங்கள் கட்டடத்தின் மறுபக்கத்தில் மின் இணைப்புப் பாடநெறி நடந்தது. அந்தப் பையன்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தேநீர்க்கொட்டில். அவர்கள் எங்களைச் சீண்டுவார்கள், நாங்கள் அவர்களை மதிக்க மாட்டோம், அப்படித்தான் முதல் மாதம் போனது. ஒரு நாள் எங்கள் வகுப்பில் பிளக் ஒன்று தீப்பொறி தட்டியது. அவர்களில் ஒருவன் திருத்த வந்தான். எங்கள் அறைக்குரிய சுவிட்சை அவனே பலகையில் அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஆனாலும் டெஸ்டரை எடுத்து, முதலில் பக்கத்து அறையில் மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்தான். பிறகு எங்கள் பிளக்கில் வைத்தான், எரியவில்லை. மறுபடியும் பக்கத்து அறைக்குப் போய் வைத்துப் பார்த்தான். எரிந்தது. அதற்குப் பிறகுதான் திருகாணியில் கை வைத்தான்.

"நீதானே அணைத்தாய், பிறகு ஏன் இவ்வளவு நடை?" என்று கேட்டேன்.

"எரியாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம் அக்கா. மின்சாரம் இல்லாமல் இருக்கலாம், அல்லது டெஸ்டர் செத்திருக்கலாம்" என்றான்.

மூடிய பக்கம் வைத்த ஸ்டெதஸ்கோப் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அந்தப் பையன்களோடு தேநீர் குடிக்கத் தொடங்கினோம். அவனிடம் கற்ற இன்னொன்று: வீட்டுப் பலகையில் இருக்கும் ட்ரிப் சுவிட்சில் ஒரு சிறிய சோதனைப் பொத்தான் உண்டு. மாதம் ஒரு தடவை அதை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் உங்கள் வீட்டில் இருப்பது வெறும் அலங்காரம். சித்தி வீட்டில் அழுத்தினேன். விழவில்லை. புதியது போட்டோம்.

(தொழில்நுட்பம் படிக்க விரும்பும் தம்பி தங்கைகள் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் அரசின் உதவியோடு கட்டப்பட்டு 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தையும் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போகாமல் இங்கேயே இயந்திரங்களில் கை வைத்துப் படிக்க ஓர் இடம் இருக்கிறது என்பதைத் தெரியாமலே வெளியூருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.)

ஆறு மாத வகுப்புக்குப் பிறகு ஆறு மாதம் தொழிலிடப் பயிற்சி. இதில் ஒரு புத்திமதி: வீட்டுக்குக் கிட்ட இருக்கும் இடத்தைக் கேட்டு வாங்காதீர்கள். வேலை நிறைய உள்ள இடத்தைக் கேளுங்கள். என்னுடன் படித்த ஒருத்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய இடத்தில் ஆறு மாதமும் பதிவேடு எழுதிவிட்டு வந்தாள். பதிவேடு அழகாக இருந்தது. மதிப்பீட்டு நாளில் கட்டிலில் ஆள் இருக்க விரிப்பு மாற்றச் சொன்னபோது திகைத்து நின்றாள். இன்னொன்று, பயிற்சிப் பதிவேட்டில் அன்றன்று கையொப்பம் வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் வாங்கலாம் என்று நான் விட்டதில் பதினொரு நாட்களின் வேலைக்குச் சாட்சி இல்லாமல் போனது. அந்த வைத்தியசாலை விடுதியின் (வார்டின்) பொறுப்பாளர் இடமாற்றத்தில் போய்விட்டார்.

எனக்குக் கிடைத்தது வைத்தியசாலையில் ஆண்கள் விடுதி. நான் அங்கே போன முதல் வாரத்தில், முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவர், சலத்தொற்றுக் காய்ச்சலோடு வந்தார். 2009இல் ஷெல் பட்டது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. கூட வந்தவர் அவருடைய அம்மா. இரவில் ஆண்கள் விடுதியில் பெண்கள் நிற்கக்கூடாது என்பது அந்த விடுதியின் விதி. அவருக்கு மட்டும் யாரும் அந்த விதியைச் சொல்லவில்லை.

படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்ப வேண்டும் என்று படித்திருந்தேன். எந்தெந்த எலும்பு முனைகளில் புண் வரும் என்று வரிசையாகச் சொல்லவும் தெரியும். படித்த உற்சாகத்தில், அவரைக் கட்டிலின் மேல்பக்கத்துக்கு நகர்த்தக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பிள்ளை, இழுக்காதே. தோல் விரிப்போடு நின்றுவிடும், எலும்பு மட்டும் போகும். அவனுக்கு நோகாது, நோகாதபடியால் எங்களுக்கும் தெரியாது."

பாடத்தில் இதை ஒரு சொல்லில் முடித்திருந்தார்கள். அவர் வாயால் கேட்டபோதுதான் தோலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கியது. ஒரு விரிப்பை நான்காக மடித்து மகனின் உடலுக்குக் கீழே குறுக்காகப் போட்டு, நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்தப் பழக்கினார். பக்கவாட்டில் முழுதாகச் சரித்தால் இடுப்பெலும்பில் பாரம் ஏறும் என்று, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து அரைவாசி மட்டும் சரிப்பார். பிறகு குதிக்காலைத் தூக்கிக் கெண்டைக்காலுக்குக் கீழே சிறிய துவாய்ச் சுருள் வைப்பார், குதி அந்தரத்தில் நிற்கும். கடைசியாகத் தன் உள்ளங்கையை மகனின் உடலுக்கும் விரிப்புக்கும் நடுவில் விட்டு முழுவதும் தடவிப் பார்ப்பார். மடிப்பு, சோற்றுப் பருக்கை, கதீற்றர் குழாயின் மூடி, எது இருந்தாலும் அந்தக் கைக்குத் தெரியும். பதின்மூன்று வருடத்தில் மகனுக்கு ஒரே ஒரு தடவைதான் புண் வந்ததாம், அதுவும் அவர் டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்த பத்து நாளில்.

அவரிடம் படித்தது எனக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நான் யாரிடம் பயின்றேன் என்று கேட்டால் மிஸ்ஸின் பெயருக்கு அடுத்ததாக அவருடைய பெயரைத்தான் சொல்வேன்.

அவர்களுடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரச் சைக்கிள் தூரம். அவர்கள் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குப் போன பிறகும் விடுமுறை நாட்களில் நான் போய் வந்தேன். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த காற்று மெத்தை ஒன்று இருந்தது. மின்சாரப் பம்பு காற்றடிக்க, குழாய்கள் மாறி மாறி வீங்கி இறங்கும் வகை. அது பல மாதமாக வேலை செய்யவில்லை. மின் பாடநெறித் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். பம்பைத் திறந்து பார்த்தான். மோட்டார் என்று பெரிதாக எதுவும் இல்லை. மின்காந்தத்தில் அதிரும் ஒரு சிறு தண்டும், அதன் முனையில் காற்றைத் தள்ளும் இறப்பர் சவ்வும்தான். சவ்வு வெடித்திருந்தது. யாழ்ப்பாண நகரில் மீன் தொட்டிப் பொருட்கள் விற்கும் கடைகளில் இரண்டு நாள் தேடி, அளவுக்குப் பொருந்தும் சவ்வு ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். பம்பு முனகத் தொடங்கியது. அந்த அம்மா மெத்தையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் போனால்?" என்றார்.

அப்போதும் தினமும் மின்வெட்டு இருந்தது. மின்சாரம் நின்றால் மெத்தையில் காற்று இறங்கும், மகனின் இடுப்பு கட்டில் பலகையில் போய் முட்டும். எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. குழாயைக் கழற்றி மடித்துக் கட்டினால் காற்றுச் சில மணி நேரம் நிற்கும் என்று தம்பி காட்டிக் கொடுத்தான். அப்படியும் மெத்தையை நம்பித் திருப்புவதை நிறுத்தக்கூடாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

கார்த்திகை மழையில் விடுதியில் பாம்புக்கடி கூடியது. ஒரு மாலை, வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கடித்தது புடையன் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது, கால் நீலம் பாரித்திருந்தது. கட்டை உடனே வெட்டி எறியப் போனேன். தாதி என்னைத் தடுத்தார். கட்டோடு வந்தவருக்கு அதைச் சட்டென்று அவிழ்த்தால் அடைபட்டிருந்த நஞ்சு ஒரேயடியாக ஏறும். வைத்தியர் முன்னால், சேலைன் ஏற்ற ஊசி போட்டு வைத்துக்கொண்டுதான் அவிழ்க்க வேண்டும் என்றார். முதலில் கட்டாமலே இருந்திருக்க வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துக்கொண்டு, நடக்க விடாமல், நேரே வைத்தியசாலைக்கு. கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. பரியாரியாரிடம் போய்விட்டு வரலாம் என்று இழக்கும் ஒரு மணித்தியாலம் சிறுநீரகத்தின் கணக்கில் போகும்.

அன்று எனக்குக் கொடுத்த வேலை, ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பது. அதில் அவருடைய குருதி இருந்தது. புடையனின் நஞ்சு குருதியை உறையவிடாது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது குருதி எடுத்து, தொடாமல் இருபது நிமிடம் வைத்து, பிறகு ஒரு தடவை சரித்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ஒட்டி நிற்கும், நஞ்சு வேலை செய்திருந்தால் தண்ணீராக ஓடும். பிளாஸ்டிக் குழாய் கூடாது, அதில் நல்ல குருதியும் ஒழுங்காக உறையாது. அந்த இருபது நிமிடத்தில் அவருடைய மைத்துனர் நாலு தடவை வந்து, "தங்கச்சி, ஒருக்கால் ஆட்டிப் பார்க்கலாமே" என்றார். எனக்கும் கை துருதுருத்தது. பன்னிரண்டாம் நிமிடத்தில் ஆட்டினால் அதற்குப் பிறகு அந்தக் குழாய் எதைச் சொன்னாலும் நம்ப முடியாது. செக்கன் முள்ளைப் பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இருபது முடிந்ததும் வைத்தியர் சரித்தார். ஓடியது. நஞ்சு முறி மருந்து ஏற்றினார்கள். அவர் ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார்.

செக்கன் முள் என்றதும் ஒன்று: கைத்தொலைபேசியை நம்பாமல் முள் உள்ள மலிவான மணிக்கூடு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நாடி பார்க்கப் பெருவிரலை வைக்காதீர்கள், அதன் சொந்தத் துடிப்பு உங்களை ஏமாற்றும். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்கும் வேலை வேண்டாம், முழு நிமிடமும் எண்ணுங்கள். மூச்சை எண்ணும்போது நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னவுடன் யாருக்கும் மூச்சு மாறிவிடும். நாடி பிடித்திருப்பது போலக் கையை வைத்துக்கொண்டே நெஞ்சைப் பார்த்து எண்ணிவிடுங்கள்.

மதிப்பீடு 2023 தொடக்கத்தில் நடந்தது. இந்த முறையில் புள்ளிகள் இல்லை. தேர்ச்சி உண்டு அல்லது இன்னும் இல்லை, அவ்வளவுதான். மதிப்பீட்டாளர் பிரஷர் பார்க்கச் சொன்னார். வெளியே ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மேல் எண் தெளிவாகக் கேட்டது, கீழ் எண் இரைச்சலில் போய்விட்டது. என் வாயில் 80 வந்து நின்றது. "கீழ் எண் கேட்கவில்லை சேர். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி பார்க்கிறேன்" என்றேன். அவர் கொப்பியில் ஏதோ எழுதினார். சாளரத்தை மூடிவிட்டு மறுபடி பார்த்தேன், 74. தேர்ச்சி கிடைத்தது. அவர் என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

வேலை கிடைத்த பிறகுதான் அந்த அம்மாவிடம் ஒரு விடயத்தைச் சொன்னேன். வகுப்புக்கு வராமலே அனுபவத்தால் தொழில் கற்றவர்களுக்கு, அவர்கள் செய்து காட்டுவதை மதிப்பிட்டு அதே என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் வழி உண்டு. முன்கற்றலுக்கான அங்கீகாரம் என்று பெயர். எங்கள் ஊரில் முப்பது வருடம் கல் அரிந்த மேசன்மாரும், கராஜில் வளர்ந்த மெக்கானிக்மாரும் கையில் ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமல் இருக்கிறார்கள்; அவர்களுக்கெல்லாம் பொருந்தும். பராமரிப்பாளர் தகைமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றேன். சிரித்தார். "என் பிள்ளையைப் பார்த்ததற்குச் சான்றிதழா?" என்றார். நான் விடவில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, தனக்குப் பிறகு மகனுக்கு யார் என்ற கவலைக்கு நடுவில் அயலில் நாலு வீட்டுக்குக் கூலிக்குப் போகிறார். கடுதாசி இருந்தால் அந்த நாலு வீட்டிலும் கூலி வேறாக இருக்கும். இரண்டு மாதம் கழித்துச் சம்மதித்தார். படிவத்தை நான் நிரப்பினேன்.

அவர் கேட்ட ஒரே கேள்வி, "நான் போகிற அன்றைக்கு இவனை யார் பார்ப்பது?"

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். காலை ஏழு மணிக்கு அவர் பஸ் ஏறினார். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று திருப்பினேன். குறுக்கு விரிப்பைப் போட்டு, பக்கத்து வீட்டுத் தம்பியை மறுபக்கம் பிடிக்க வைத்து, அரைவாசி சரித்து, குதிக்குத் துவாய் வைத்து, எல்லாம் அவர் சொல்லித் தந்தபடி. ஐந்தரைக்கு வந்தார். முற்றத்தில் நின்று கால் கழுவினார். "எப்படி அம்மா, என்ன கேட்டார்கள்?" என்றேன். பதில் சொல்லாமல் உள்ளே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மகனின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை விட்டுத் தடவிக்கொண்டு போனார். ஓரிடத்தில் கை நின்றது.

"இந்த இடத்தில் மடிப்பு இருக்கிறது, பிள்ளை."